ஆறு சொல்லுக்கு மேலே

காலை பதினொன்று பத்துக்கு அந்த வரி வந்தபோது இசக்கியம்மாள் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். இரண்டு கையிலும் செதிள். போன் ஒரே ஒரு தடவை அதிர்ந்து அடங்கியது. வேறு யார் கூப்பிட்டாலும் வாயைத் திறக்காத போன் அது. அந்த வீட்டில் யாராவது எழுதினால் மட்டும் அதிரும்படி வைத்திருந்தாள். முழங்கையால் திருப்பிப் பார்த்தாள்.

"எல்லாம் முடிஞ்சுது. இனி தொந்தரவு இல்ல. போறேன்."

எழுதியவள் கொசுவலை. அந்த வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர்.

இசக்கியம்மாள் கையிலிருந்த மீனைத் தொட்டியில் நழுவவிட்டாள். கையைச் சேலையிலேயே துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள். 'வரேன்' இருக்க வேண்டிய இடத்தில் 'போறேன்' இருந்தது.

இதற்கா இத்தனை பதற்றம் என்று கேட்பவர் ஒரு நாளாவது ஒரு தமிழ் வீட்டு வாசலைத் தாண்டிப் பார்க்க வேண்டும். நம்மில் கடைத்தெருவுக்குப் போகிறவர்கூட 'வரேன்' என்று சொல்லிவிட்டுத்தான் போவார். வாய் தவறி 'போறேன்' என்றால் அடுக்களையிலிருந்து அதட்டல் வரும்: "அதென்ன பேச்சு? போயிட்டு வரேன்னு சொல்லு!" திருத்திச் சொன்ன பிறகுதான் செருப்பு மாட்ட விடுவார்கள். அந்த வீட்டிலும் அதுதான் வழக்கம். முப்பத்தொரு பேரும் அன்றன்றைய பேச்சை அந்தச் சொல்லோடுதான் முடிப்பார்கள். ஒருத்தர் 'வாரேன்' என்பார், இன்னொருத்தர் 'வர்றேன்' என்பார், கொசுவலை 'வாறேன்' என்பாள். ஐந்து மாதத்தில் ஒரு நாளும் அவள் மாற்றிச் சொன்னதில்லை.

அது செங்கல்லும் சுண்ணாம்பும் இல்லாத வீடு. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். படம் கிடையாது, பாராட்டு கிடையாது, யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. உள்ளே வருகிறவர், அதுவரை யாரும் எடுக்காத ஒரு வீட்டுச் சாமானின் பெயரை எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படித்தான் அம்மி, ஊதுகுழல், உரல், சொளவு, கொசுவலை எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. வீட்டைக் கட்டியவளும் தினமும் திறந்து மூடுகிறவளும் இசக்கியம்மாள் என்பதால் அவள் பெயர் தாழ்ப்பாள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஆறு சொல். விடிந்தால் முந்தைய நாள் பேச்சு அழிந்துவிடும். யாரும் எதையும் எழுதி வைக்கக் கூடாது.

ஆறு சொல் என்பது விரதமும் இல்லை, விளையாட்டும் இல்லை, பயம். 'சாடை' என்று ஓர் எந்திரம் வந்து ஏழு வருடம் ஆகிவிட்டது. ஒருவர் ஒரே மூச்சில் எழுதிய நாற்பது சொல்லை அதற்குக் கொடுத்தால் போதும். எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வருகிறது, எங்கே இழுக்கிறார், எங்கே முறிக்கிறார் என்று பார்த்து, அவர் வாழ்நாளில் எழுதிய எல்லாவற்றோடும் ஒப்பிட்டு, இன்னார், இப்போது இன்ன ஊரில் இன்ன தெருவில் இருக்கிறார் என்று சொல்லிவிடும். முகச்சாடை மாதிரி எழுத்துச்சாடை. யாரையாவது தேடுகிறவர் ஒரு மனுப் போட்டு வைத்தால், தேடப்படுகிறவர் எங்கே வாயைத் திறந்தாலும் தகவல் வந்துவிடும். ஆறு சொல்லுக்குள் மட்டும் அதற்குச் சாடை சிக்காது.

இசக்கியம்மாள் அதன் கையில் ஒரு தடவை அகப்பட்டவள். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருடம் நர்ஸாக இருந்தாள். அங்கே ஆக்சிஜன் தீர்ந்துபோன ஒரு நாளைப் பற்றிப் பெயர் போடாமல் ஒரே ஒரு பத்தி எழுதினாள். மூன்றாம் நாள் வேலை போயிற்று. அப்புறம் நாகர்கோவிலில் எந்த ஆஸ்பத்திரியும் அவளை உள்ளே விடவில்லை. கூடப் பிறந்தவன்கூட "உனக்க வாயாலதான் கெட்ட" என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டான். வடசேரியில் அவளுக்கு ஒரு வாடகை அறை உண்டு. ஆனால் அப்பாடா என்று உட்காருவது என்னவோ அந்தக் கறுப்புத் திரைக்கு முன்னால்தான். "சோறு குழைஞ்சுபோச்சு" என்று யாரோ எழுதுவார்கள். "மோர் ஊத்திக்கோ" என்று யாரோ பதில் போடுவார்கள். ஒரு மனுஷிக்கு வீடு என்பது வேறென்ன?

அந்த வீடு இப்போது பதறிக்கொண்டிருந்தது.

அம்மி எழுதியது: "போறேனா? என்ன பேச்சு இது?"

ஊதுகுழல்: "கொசுவலை, வரேன்னு சொல்லு. உடனே சொல்லு."

உரல்: "சொல்லும்மா. வரேன்னு ஒரு தடவை சொல்லும்மா."

கொசுவலை தன் ஆறு சொல்லையும் அந்த வரியிலேயே தீர்த்திருந்தாள். ஆறு சொல்லையும் காலையிலேயே இட்லிக்கும் மழைக்கும் செலவழித்துவிட்டவர்கள் தவித்துப்போனார்கள். சொல் தீர்ந்தவர்கள் ஒரு புள்ளி மட்டும் வைக்கலாம். நானும் இங்கேதான் இருக்கிறேன் என்பதற்கு. புள்ளிகள் வரத் தொடங்கின. ஒன்று, நான்கு, பதினொன்று. கொசுவலையின் புள்ளி மட்டும் வரவில்லை. ஐந்து நிமிடத்துக்குள் பேச முடியாத பதினேழு பேர் மாற்றி மாற்றிப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார்கள். ஊமை கையைப் பிசைகிறதைப் பார்ப்பதுபோல் இருந்தது. இசக்கியம்மாளால் தாங்க முடியவில்லை.

சொளவு தன்னிடம் மிச்சமிருந்த இரண்டு சொல்லையும் போட்டது: "தாழ்ப்பாள், திற."

திறப்பது அவள் விரல் நுனியில் இருந்தது. திறந்தால் எல்லோரும் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். கொசுவலை யார், எங்கே இருக்கிறாள் என்று கூடிக் கண்டுபிடிக்கலாம். ஆனால் பேசுகிற ஒவ்வொருவரும் சாடைக்கு முன்னால் போய் நிற்கிற மாதிரிதான். முக்கியமாக உரல். உரல் மூன்று வருடத்தில் தன்னைப் பற்றிச் சொன்னது ஒரே வரி: "வேற சாதில கட்டினேன். அண்ணன்மார் தேடறாங்க." அதன் பிறகு ஒரு நாளும் ஐந்து சொல்லை அவள் தாண்டியதில்லை. அந்த அண்ணன்மார் மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். உரல் நாற்பது சொல் எழுதினால் அவர்கள் வண்டியில் ஏறிவிடுவார்கள்.

உரலைக் காப்பாற்ற வேண்டுமென்றால் மூடியே வைக்க வேண்டும். கொசுவலையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் திறக்க வேண்டும். உரலுக்கு வரப்போவது ஆபத்து. கொசுவலைக்கு அது வந்தேவிட்டது. இசக்கியம்மாள் அப்படித்தான் கணக்குப் போட்டாள். பதினொன்று இருபத்தைந்துக்குத் தாழ்ப்பாளைத் திறந்தாள்.

"ஒரு மணி நேரம் திறந்திருக்கும்" என்று முதல் ஆளாக அவளே ஆறு சொல்லைத் தாண்டினாள். "கொசுவலையைப் பற்றித் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம்."

மடை உடைந்தது. அப்போதுதான் ஓர் உண்மை வெளியே வந்தது. எழுதி வைக்கக் கூடாது என்ற சட்டத்தை ஒருத்தரும் மதித்திருக்கவில்லை. அம்மியிடம் ஒரு நோட்டு. ஊதுகுழல் பழைய பஞ்சாங்கத்தின் ஓரத்தில் எழுதி வைத்திருந்தது. சொளவுக்கு எல்லாம் மனப்பாடம். முந்தின நாளை அழிக்கிற வேலையைச் செய்யும் இசக்கியம்மாளே நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் குறித்து வைத்திருந்தாள். நல்ல கூத்து. இத்தனை நாளும் திருடர்கள் கூடிச் சட்டம் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"போன மாசம் 'எனக்க போர்வை காணல'ன்னு எழுதினா. 'எனக்க'ன்னா கன்னியாகுமரிப் பக்கம்" என்றது சொளவு.

"ரப்பர் ஷீட் காயப்போடுற வாடை தலைவலிக்குதுன்னு ஒரு நாள். ரப்பர்னா மலையடிவாரம்" என்றது அம்மி.

"கீழ பேக்கரி. விடிகாலைல பன் வாசனைல எழுந்திருக்கிறாளாம்" என்றது ஊதுகுழல். "அஞ்சு பொண்ணுங்களுக்கு ஒரே குளியலறைன்னு அலுத்துக்கிட்டா. அப்ப ஹாஸ்டல்."

இசக்கியம்மாள் ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்த்தாள். கொசுவலை தன் ஊர்க்காரி என்று முதல் வாரமே அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை, கேட்பது அந்த வீட்டில் மரியாதை இல்லை. ரப்பர், பேக்கரி, பெண்கள் விடுதி எல்லாம் ஒரே இடத்தில் என்றால் குலசேகரம். பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம்.

'நான் போறேன்' என்று எழுதப் போய், சீ என்று அழித்துவிட்டு, "நான் பக்கத்தில்தான் இருக்கிறேன், பார்த்துவிட்டு வரேன்" என்று எழுதினாள். மீனைத் தொட்டியிலேயே விட்டுவிட்டு இறங்கி ஓடினாள்.

பஸ் தக்கலை தாண்டும்போது உரல் பேச ஆரம்பித்திருந்ததைப் பார்த்தாள். வீடு திறந்த கொஞ்ச நேரத்திலேயே எழுதியிருக்கிறாள். ஓடி வந்த அவசரத்தில் இவள் கண்ணில் படவில்லை.

"எனக்கும் இப்படி ஒரு மத்தியானம் வந்துச்சு கொசுவலை. இவர் வேலைக்குப் போயிருந்தார். வீட்டுல நான் மட்டும். இதுக்கு மேல முடியாதுன்னு முடிவு பண்ணிட்டேன். அப்ப ஊதுகுழல் 'ரசம் வச்சாச்சா'ன்னு கேட்டுச்சு. என்னைக் கேக்கல, பொதுவாத்தான் கேட்டுச்சு. பதில் சொல்லணுமேன்னு எழுந்து போய் ரசம் வச்சேன். கொதிக்கிறதுக்குள்ள அந்த நேரம் கடந்துபோச்சு. அதனாலதான் இன்னிக்கு இருக்கேன். நீயும் யாருக்காவது ஒரு பதில் சொல்லும்மா. நான் இங்கேயே உக்காந்திருக்கேன்."

"உரல், போதும். நிறுத்து" என்று இசக்கியம்மாள் எழுதினாள். உரல் நிறுத்தவில்லை. ரசத்துக்குப் புளி எவ்வளவு போட்டாள் என்பதுவரை எழுதினாள். மற்றவர்களும் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் 'என் வீட்டுக்கு வந்து இரு' என்று முகவரியே கொடுத்திருந்தார். ஒரு மணி நேரம் முடிந்துவிட்டது. மூட வேண்டும். இசக்கியம்மாள் விரலை வைத்தாள், எடுத்தாள். கொசுவலை எங்கோ உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருந்தால்? படிக்கிற வரைக்கும் உயிரோடு இருப்பாளே. மூட மனம் வரவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு, இந்த டிரைவர் இன்னும் கொஞ்சம் மிதித்தால்தான் என்ன என்று வாய்விட்டே சொன்னாள்.

குலசேகரத்தில் மூன்று பேக்கரிக்கு ஏறி இறங்கினாள். மூன்றாவதற்கு மேலே விடுதி இருந்தது. இரண்டரை மணி. எல்லாப் பெண்களும் வேலைக்குப் போயிருக்க, ஓர் அறை மட்டும் உள்பக்கம் பூட்டியிருந்தது. இசக்கியம்மாள் இரண்டு கையாலும் தட்டினாள்.

திறந்தவளுக்கு இருபத்தாறு வயது இருக்கும். கழுத்தில் ஹெட்போன், கையில் பாதி தின்ற பன். கட்டிலில் துணி அடுக்கிய பை.

"ஆரு?"

"கொசுவலை நீதானா மக்ளே?"

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது.

"நான் தாழ்ப்பாள்" என்றாள் இசக்கியம்மாள். கேட்காமலே அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். வேகமாக இருந்தாலும் நன்றாக அடித்தது. கண்ணைப் பார்த்தாள், அறையைச் சுற்றிப் பார்த்தாள். பயப்படும்படி ஒன்றும் இல்லை. "எம்மா, இருக்கா" என்று சொல்லிவிட்டு நின்ற இடத்திலேயே அழுதாள்.

அந்தப் பெண் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "நீங்க நேர்ல வருவிய எண்ணு ஆரும் சொல்லல்லியே" என்றாள்.

"ஆரு சொல்லணும்?"

அந்தப் பெண் கையிலிருந்த பன்னைக் கட்டிலில் வைத்தாள்.

"ஆரு சொல்லணும் மக்ளே?"

"எனக்கு ஒண்ணும் இல்ல அக்கா. நான் சாவ ஒண்ணும் போவல்ல. எனக்க வேலை முடிஞ்சுது. அதத்தான் எழுதினேன்." எச்சிலை விழுங்கினாள். "எனக்க பேரு அஜிதா. நான் சாடையில வேலை செய்யுதேன்."

இசக்கியம்மாள் கண்ணைத் துடைக்கப் போன கையை அப்படியே நிறுத்தினாள்.

"இது மாதிரி சின்னச் சின்ன இடமா இருக்குல்லா, அதுக்குள்ள சாடையால வர முடியாது" என்றாள் அஜிதா. "அதனால எங்கள உள்ள விடுவாங்க. உள்ள உள்ளவங்கள நாப்பது சொல்லு பேச வைக்கணும். அவ்வளவுதான் வேலை. உங்க வீட்டுல அஞ்சு மாசம் இருந்தேன். காய்ச்சல் எண்ணு எழுதினேன். 'சுக்கு காப்பி குடி' எண்ணு மூணே சொல்லு வந்துது. எனக்க அம்மைக்குச் சுகமில்ல எண்ணு எழுதினேன். ஆளுக்கு ஆறு சொல்லு ஆறுதல் சொன்னிய. ஏழாவது சொல்லுக்காக ஒருத்தரும் தாழ்ப்பாளத் தொறக்கச் சொல்லல்ல."

"அதனால?"

அஜிதா தலையைக் குனிந்துகொண்டாள்.

"போறேன் எண்ணு எழுதச் சொன்னது ஆரு?"

"மேல உள்ளவங்களுக்குத் தமிழே தெரியாது அக்கா. அவங்களுக்கு இது எங்க தெரியும்? நான்தான் சொன்னேன். அந்த ஒரு சொல்ல மாத்திப் போட்டா வீடே வாயத் தொறந்திரும் எண்ணு நான்தான் சொன்னேன்."

இசக்கியம்மாளுக்கு அவள் கன்னம் பழுக்க ஓர் அறை விடலாம் என்று கை துறுதுறுத்தது. இந்தப் பாவி உயிரோடு இருக்கிறாளே என்று மனசுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதிதான் அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"எல்லாத்தையும் அனுப்பிட்டியா?"

"நான் ஒண்ணும் அனுப்ப வேண்டாம் அக்கா. நீங்க எழுத எழுத எனக்க போன் வழியா அதுவே எடுத்துக்கிடும். இப்பவும் போய்க்கிட்டுதான் இருக்கு."

இசக்கியம்மாள் போனைப் பறித்து எடுத்தாள். திரையில் சொளவு தன் பள்ளிக்கூடக் கதையை எழுதிக்கொண்டிருந்தது, கொசுவலைக்குக் கொஞ்சம் சிரிப்பு வரட்டும் என்று. பாதி வாக்கியத்தில் தாழ்ப்பாள் விழுந்தது.

"எத்தனை பேர் மாட்டியிருக்காங்க?"

அஜிதா தன் திரையைத் திருப்பிக் காட்டினாள். பத்தொன்பது பெயர். சொந்தப் பெயர்கள். அம்மி ஓர் ஆண், ஓய்வுபெற்ற தாசில்தார். சொளவுக்கு இருபது வயதுதான். பட்டியலின் உச்சியில் உரல், பதினொன்று நாற்பதுக்கே. பெயருக்குப் பக்கத்தில் ஊரும் தெருவும், சிவப்பில் ஒரு புள்ளியும்.

"சிவப்புன்னா?"

"தேடுகவங்க இருக்காங்க எண்ணு அர்த்தம். அண்ணன்மாருன்னு போட்டிருக்கு."

"அவனுகளுக்குச் சொல்லியாச்சா?"

"இல்ல. அன்னன்னைக்கு உள்ளத ஒண்ணாச் சேத்து ஆறு மணிக்கு அனுப்புவாங்க."

"நிறுத்து அத."

"எனக்க கையில இல்ல அக்கா. சத்தியமா இல்ல." அவள் திரையைக் கவிழ்த்து வைத்தாள். "உரல் எழுதினதப் படிச்சிட்டு நானும் அழுதேன்."

"அழுதியா?" என்றாள் இசக்கியம்மாள். "அழுதுக்கிட்டேதான் பன்னு தின்னியாக்கும்?"

இசக்கியம்மாள் வாசலுக்கு வந்துவிட்டாள். பின்னாலிருந்து சின்னக் குரலில் கேள்வி வந்தது. "நான் செத்திருவேன் எண்ணு நெனச்சா இம்புட்டுத் தூரம் வந்திய?"

"பின்ன, பன்னு திங்கவா வந்தேன்?"

"எனக்க அம்மைகூட இங்க ஒரு நாளும் வந்ததில்ல" என்றாள் அஜிதா.

இசக்கியம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் இரக்கம் வந்துவிடும் என்று பயமாக இருந்தது. படியில் இறங்கிப் பேக்கரி வாசலில் நின்றாள். மணி இரண்டு ஐம்பது.

ஒரு பொய் சொல்லலாம். 'பார்த்துவிட்டேன், நன்றாக இருக்கிறாள், சும்மா சொன்னாளாம்' என்று எழுதினால் மற்ற எல்லோரும் நிம்மதியாகப் பெருமூச்சு விடுவார்கள். வீடு அப்படியே இருக்கும், ஆறு மணி வரைக்கும். உண்மையைச் சொன்னால் வீடு இந்த நிமிடமே போய்விடும். எந்தப் பிரியத்தால் வாய் திறந்தார்களோ அந்தப் பிரியத்தைத் தூண்டிலில் மாட்டித்தான் பிடித்தார்கள் என்று தெரிந்த பிறகு எவர் இன்னொருத்தருக்குச் சுக்கு காப்பி சொல்லுவார்? அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். ஆனால் உரலுக்கு மூன்று மணி நேரம் இருந்தது.

எல்லோருக்கும் புதிதாக ஆறு சொல் கொடுத்தாள். தனக்கும் ஆறுதான். இனி ஒருத்தரும் ஒரு சொல் கூடப் பேசி மாட்டிவிடக் கூடாது. நடைபாதையில் நின்றுகொண்டு எழுதினாள், எண்ணினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள்.

"கொசுவலை உயிரோட. சாடைக்காரி. ஆறு மணிக்குள்ள கிளம்புங்க."

அனுப்பிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு புள்ளிகூட வரவில்லை. கடைக்காரர் "என்ன வேணும் அக்கா?" என்று கேட்டார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அம்மி வந்தது. "சண்டாளி." அவ்வளவுதான், கொசுவலைக்கு ஒரே சொல். சொளவு பெயரையே எடுத்துவிட்டு வெளியேறியது. ஊதுகுழல் மூன்று தடவை எழுத ஆரம்பித்து மூன்று தடவையும் அழித்தது.

அப்புறம் உரல் எழுதினாள்.

"அப்ப சாகல. சரி. நான் மூட்டை கட்டணும்."